யாருக்கு அரியணை? எபிக் ஃபேன்டசிக்குள் நுழைய ஒரு வழி

புத்தகக் கடையில் தடிதடியாக அடுக்கி வைத்திருக்கும் எபிக் ஃபேன்டசி நாவல்களைக் கையில் எடுத்துப் புரட்டிவிட்டு, அப்படியே திருப்பி வைத்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். முதல் பக்கத்தில் ஒரு வரைபடம், கடைசியில் நாலு பக்கத்துக்கு வம்சாவளி, நடுவில் வாயில் நுழையாத பெயர்கள். இதெல்லாம் வேறு யாருக்கோ எழுதியது என்ற எண்ணம் வந்துவிடுகிறது. வேலூர், ஆற்காடு, குடியாத்தம் பக்கத்துக்காரர்களுக்கு அந்தத் தயக்கம் தேவையே இல்லை. ஊரில் பாரதக் கூத்து பார்த்திருந்தால், வேலூர்க் கோட்டையின் கதையைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டிருந்தால், இந்தக் கதைவகையில் பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். மீதிப் பாதியைப் பேசுவோம்.

எபிக் ஃபேன்டசி என்றால் என்ன? எழுத்தாளர் தானே உண்டாக்கிய ஓர் உலகம். அந்த உலகத்துக்கென்று நிலம், ஆறு, வரி, படை, சாமி, சட்டம் எல்லாம் உண்டு. அங்கே மந்திரம் உண்மையிலேயே வேலை செய்யும். பல பேருடைய வாழ்க்கை பின்னிக்கொண்டு நீண்ட காலம் ஓடும். ஒரு நாட்டின் தலையெழுத்தே அதில் தொங்கிக்கொண்டிருக்கும். சரித்திர நாவலில் யார் ஜெயித்தார் என்பதை எழுத்தாளர் மாற்ற முடியாது. பாட்டி சொல்லும் மாயக் கதையில், அரக்கனைக் கொன்ற ராஜகுமாரன் அடுத்த மாதம் படைக்கு எப்படிச் சம்பளம் கொடுத்தான் என்று யாரும் கேட்பதில்லை. எபிக் ஃபேன்டசி இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. வானத்தில் டிராகன் பறக்கும்; கீழே, இந்த வருஷம் நெல் யார் களத்துக்குப் போகும் என்ற தகராறும் நடக்கும்.

இந்த வகையில் அடிக்கடி வரும் மூன்று சரக்குகள்: வாரிசுச் சண்டை, டிராகன் கடவுள், ஆபத்தான மந்திரம். புதிதாகப் படிக்கிறவர்கள் இவற்றைத் தனித்தனி அலங்காரமாக நினைத்துக்கொள்கிறார்கள். சண்டை பரபரப்புக்கு, டிராகன் பிரமிப்புக்கு, மந்திரம் வேடிக்கைக்கு என்று. நல்ல கதையில் மூன்றும் ஒரே கேள்வியைத்தான் சுற்றி வருகின்றன. ஆளும் உரிமை ஒருவருக்கு எங்கிருந்து வருகிறது, அதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டால் எவ்வளவு தடித்த புத்தகத்திலும் வழி தவறாது.

வாரிசுச் சண்டை எப்படி மூள்கிறது?

ராஜா செத்தால் மூத்த மகன் ஆளட்டும் என்று ஒரே ஒரு விதி, எல்லோரும் அதை ஏற்றுக்கொள்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால் கதையே கிடையாது. இரண்டு விதிகள் ஒரே நேரத்தில் செல்லுபடியாகிறபோதுதான் சண்டை வருகிறது. இரண்டு பக்கமும் நியாயம் இருக்க வேண்டும்.

இதைக் கற்றுக்கொள்ள நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவைவிடச் சிறந்த இடம் எனக்குத் தெரியாது. பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி விடிய விடியக் கூத்து. சொல்லப்படுவது முழுக்க ஒரு வாரிசு வழக்கு. திருதராஷ்டிரன் மூத்தவன், ஆனால் கண் தெரியாதவன். அதனால் தம்பி பாண்டு ஆண்டான். பாண்டு போன பிறகு, மூத்தவனின் மகன் துரியோதனன் 'என் அப்பாவுக்கு வர வேண்டியது எனக்குத்தானே' என்கிறான். நாட்டை ஆண்ட பாண்டுவின் மகன் தருமன், அதுவும் அடுத்த தலைமுறையில் வயதில் மூத்தவன், 'எனக்கு' என்கிறான். இருவரில் ஒருவரை வெறும் கெட்டவன் என்று ஒதுக்கிவிட முடியாது. அதனால்தான் வழக்கு அத்தனை இரவுகள் ஓடுகிறது.

கடைசி நாள் படுகளத்தைப் பாருங்கள். ஊர்ப் பொதுவிடத்தில் மண்ணைக் குழைத்துத் துரியோதனனை மல்லாக்கப் படுத்த மாதிரி செய்திருப்பார்கள். ஆள் உயரத்தைப் போலப் பல மடங்கு நீளம். கிரீடம், மீசை, விரித்த கண், கையில் கதாயுதம். வேஷம் கட்டிய பீமனும் துரியோதனனும் அந்த உருவத்தைச் சுற்றிச் சுற்றி ஓடிச் சண்டை போடுவார்கள். தொடையில் அடி விழும், சிவப்பு நீர் வழியும், பாஞ்சாலி கூந்தல் முடிப்பாள். அப்புறம் நடப்பதுதான் எனக்கு முக்கியம். பல ஊர்களில் அந்த உருவத்தின் மண்ணை ஒரு பிடி எடுத்துக்கொண்டு போய் வீட்டில் வைக்கிற வழக்கம் உண்டு; வீடு செழிக்கும் என்ற நம்பிக்கை. தோற்றவனுடைய உடல்மண் வீட்டுக்கு நல்லது! எதிராளிக்கு அந்த மரியாதையைக் கொடுக்கத் தெரிந்த கதைதான் பெரிய கதை. எபிக் ஃபேன்டசி படிக்கும்போது, எதிர்ப்பக்கத்து ராஜா வெறும் பல்லை நறநறவென்று கடிக்கிற ஆளாக மட்டும் இருந்தால், அந்த எழுத்தாளர் தன் வேலையை முழுதாகச் செய்யவில்லை என்று அர்த்தம்.

கூத்திலிருந்து இன்னொன்றையும் எடுத்துக்கொள்ளலாம். திரைக்குப் பின்னாலிருந்து வேஷக்காரர் வந்ததும் கட்டியக்காரன் 'யாரய்யா நீங்க, எந்த நாடு, என்ன சேதி' என்று வாயைக் கிளறுவான். நமக்குத் தெரிய வேண்டியதெல்லாம் அந்தப் பேச்சிலேயே வந்துவிடும். நாவல்களில் இந்த வேலையை ஒரு புது ஆள் செய்வார். அரண்மனைக்குப் புதிதாக வந்த பணிப்பெண், கிராமத்திலிருந்து வந்த சிப்பாய், வெளிநாட்டு வியாபாரி. அவருக்கு எதுவும் தெரியாது, ஆகவே கேட்பார்; கேட்பதால் நமக்கும் புரியும். முதல் ஐம்பது பக்கத்தில் அந்தக் கட்டியக்காரர் யார் என்று கண்டுபிடித்து, அவர் பின்னாலேயே போங்கள்.

சரி, பாரதம் இதிகாசம். நிஜ வாழ்க்கையில் வாரிசுச் சண்டை எப்படி இருக்கும்? அதற்கும் வேலூரை விட்டு வெளியே போக வேண்டியதில்லை.

1565-ல் தலைக்கோட்டைப் போரில் அடிவாங்கிய விஜயநகர அரசு தெற்கே நகர்ந்து நகர்ந்து வந்தது. பெனுகொண்டா, சந்திரகிரி, பிறகு வேலூர். 1614-ல் இரண்டாம் வெங்கடபதி ராயர் இறந்தபோது அவருக்குச் சொந்த மகன் கிடையாது. தன் அண்ணன் மகன் ஸ்ரீரங்கனை வாரிசாகச் சொல்லியிருந்தார். ஆனால் ராணிகளில் ஒருவர் தனக்கு ஒரு மகன் உண்டு என்று ஒரு பையனைக் காட்டினார். அந்தப் பையன் அவர் வயிற்றில் பிறந்தவனே இல்லை, வேறொருத்தி பெற்ற பிள்ளை என்ற பேச்சு அப்போதே பரவலாக இருந்தது. ராணியின் சகோதரர் ஜக்கராயர் பெரிய பாளையக்காரர். அவர் ஸ்ரீரங்கனையும் குடும்பத்தையும் பிடித்துச் சிறையில் வைத்துவிட்டு அந்தப் பையனை ராஜாவாக்கினார். எதிர்த்து நின்றவர் தளபதி யாசம நாயக்கர்.

இந்த நிகழ்ச்சிகளை விவரமாக எழுதியவர் பர்ராதாஸ் என்ற போர்த்துகீசிய சேசு சபைப் பாதிரியார். 1616-ல் அவர் எழுதிய கடிதம் இன்றும் கிடைக்கிறது. அதில் வரும் ஒரு காட்சி எந்த நாவலிலும் தலைநிமிர்ந்து நிற்கும். சிறையைச் சுற்றிக் காவல். உள்ளே ஸ்ரீரங்கனும் குடும்பமும். வந்து போக முடிந்தவர்களில் துணி வெளுக்கிறவர் ஒருவர். யாசமருடைய ஏற்பாட்டின்படி அவர் ஸ்ரீரங்கனின் இரண்டாவது மகனை அழுக்குத் துணி மூட்டைக்குள் வைத்துக் கட்டி வெளியே கொண்டுவந்துவிட்டார். காவலாளிகள் கண் முன்னால் ஒரு பேரரசின் வாரிசு துணி மூட்டையாகப் போகிறான். அதன் பிறகு சிறையில் மிஞ்சியிருந்த ஸ்ரீரங்கனும் குடும்பமும் உயிரோடு வெளியே வரவில்லை. தப்பிய பையன் ராமதேவன். அவனை முன்னிறுத்தி யாசமரும் தஞ்சை ரகுநாத நாயக்கரும் ஒரு பக்கம். ஜக்கராயரும் மதுரை, செஞ்சி நாயக்கர்களும் இன்னொரு பக்கம். கல்லணைக்குப் பக்கத்தில் தோப்பூரில் நடந்த பெரும் போரில் ஜக்கராயர் மாண்டார், ராமதேவன் ராயரானான்.

இந்த ஒரு கதைக்குள், எபிக் ஃபேன்டசியில் திரும்பத் திரும்பப் பார்க்கும் ஆட்கள் அத்தனை பேரும் இருக்கிறார்கள். மகனில்லாமல் சாகும் ராஜா. சந்தேகத்துக்குரிய வாரிசு. தான் ராஜா ஆகாமல் ராஜாவை உண்டாக்குகிற தளபதி. ஒளித்து வளர்க்கப்படும் சிறுவன். தங்கள் கணக்கைத் தீர்த்துக்கொள்ள இந்தச் சண்டையில் நுழையும் பக்கத்து நாட்டார். எல்லாவற்றுக்கும் மேலாக, பெயர்கூடப் பதிவாகாத அந்தச் சலவைக்காரர். மூட்டை பிரிக்கப்பட்டிருந்தால் முதலில் தலை போயிருக்கும் ஆள் அவர்தான். விலையை யார் கொடுக்கிறார்கள் என்ற கேள்வி இங்கேதான் கூர்மையாகிறது. ராஜ குடும்பத்தை மட்டும் பார்க்கிற நாவல் எனக்கு ஒரு கண்ணை மூடிக்கொண்டு எழுதியதாகத்தான் படும். மூட்டை தூக்கியவரையும் பார்க்கிற நாவல்தான் மனதில் நிற்கிறது.

அதோடு இந்த மண்ணில் வாரிசுச் சண்டை ஓயவில்லை. 1742-ல் ஆற்காட்டு நவாப் சஃப்தர் அலி வேலூரில் கொல்லப்பட்டார். கோட்டை அப்போது அவருடைய உறவினர் முர்தசா அலி வசம் இருந்தது. 1749-ல் ஆம்பூர்ப் போரில் நவாப் அன்வருத்தீன் கொல்லப்பட, அவர் மகன் முகம்மது அலிக்கும் சந்தா சாகிபுக்கும் நடுவே பதவிச் சண்டை. ஒருவருக்குப் பின்னால் ஆங்கிலேயர், இன்னொருவருக்குப் பின்னால் பிரெஞ்சுக்காரர். 1751 ஆற்காட்டு முற்றுகை அந்தச் சண்டையின் ஒரு கட்டம். வீட்டுச் சண்டைக்கு வெளியாளைத் துணைக்குக் கூப்பிட்டால் கடைசியில் வீடு யார் கைக்குப் போகும் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் வேண்டுமா? ஃபேன்டசியில் அந்த வெளியாள் இடத்தில் பெரும்பாலும் ஒரு மந்திரவாதியோ ஒரு டிராகனோ இருக்கும்.

கோட்டைக்குள் சிறைவைக்கப்பட்டிருந்த அரச வாரிசுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1806 ஜூலை 10-ல் சிப்பாய்கள் எழுந்தபோது, உள்ளே இருந்த திப்புவின் மகன் ஃபத்தே ஹைதரைத்தான் மன்னராக அறிவித்து மைசூர்க் கொடியை ஏற்றினார்கள். அன்றைக்கே ஆற்காட்டிலிருந்து குதிரைப்படை வந்து எல்லாவற்றையும் அடக்கிவிட்டது. கண்டியின் கடைசி ராஜா விக்கிரம ராஜசிங்கனும் இங்கேதான் கைதியாகக் கொண்டுவரப்பட்டு 1832-ல் இறந்தார். பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் அவருடைய நினைவிடம். நாடு இல்லாத ராஜா எப்படி வாழ்வான், அவனைச் சுற்றி இருக்கிறவர்கள் அவனை எப்படிக் கூப்பிடுவார்கள் என்பது எழுத வருகிறவர்களுக்கு அள்ள அள்ளக் குறையாத விஷயம்.

டிராகன் கடவுளாக இருந்தால் என்ன மாறுகிறது?

ஐரோப்பியப் பழங்கதைகளில் டிராகன் பெரும்பாலும் புதையலைக் காத்துக்கொண்டு நெருப்பைக் கக்கும். வீரன் போய்க் கொல்ல வேண்டும். சீனத்தில் அது மழைக்கும் ஆற்றுக்கும் உரியது, பேரரசரின் சின்னம்; கொல்கிற பேச்சே கிடையாது. நம் ரிக் வேதத்தில் விருத்திரன் என்ற பெரும் பாம்பு தண்ணீரை அடைத்துக்கொண்டு கிடக்கிறான், இந்திரன் அவனைக் கொன்று தண்ணீரை விடுவிக்கிறான். நம் தெருமுனைப் புற்றில் பால் ஊற்றி மஞ்சள் தூவிக் கும்பிடுகிற நாகம் இன்னொரு வகை: பயமும் பாசமும் ஒன்றாகச் சேர்ந்த வகை. டிராகன் கடவுள் என்ற கற்பனை எனக்கு அந்தப் புற்றுக்குத்தான் ரொம்பப் பக்கமாகத் தெரிகிறது. கும்பிட வேண்டும், கிட்டே போகவும் யோசிக்க வேண்டும்.

வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துத் தூண்களில் முன்னங்கால் தூக்கி நிற்கும் யாளிகளை நம் ஊரில் பார்க்காதவர் குறைவு. டிராகனைக் கற்பனை செய்யும்போது உருவத்துக்கு அவற்றை மனதில் கொண்டுவரலாம், தப்பில்லை. ஆனால் யாளி காவலுக்கு நிற்கிறது, அவ்வளவுதான். யார் ஆளலாம் என்று அது சொல்வதில்லை. டிராகன் கடவுள் சொல்கிறது. அங்கேதான் கதை மாறுகிறது.

எப்படி என்றால், நம் உலகத்தில் ஒரு ராஜா 'தெய்வம் எனக்கு இந்தப் பட்டத்தைக் கொடுத்தது' என்று சொன்னால் யாரும் சாமியிடம் போய்ச் சரிபார்க்க முடியாது. கல்வெட்டில் எழுதினால் எழுதியதுதான். டிராகன் கடவுள் இருக்கும் நாட்டில் மலைமேல் போய்க் கேட்டுவிடலாம். அது 'நான் கொடுக்கவில்லை' என்று சொல்லிவிட்டால் என்ன ஆகும்? அதனால் அந்த மலைக்குப் போகும் பாதையை யார் கையில் வைத்திருக்கிறார்கள் என்பது படைபலத்தைவிடப் பெரிய விஷயமாகிவிடும். பூசாரிகள் பேசும் சொல்லுக்கு எடை கூடும். டிராகனுக்கு வயதானால், அதற்குப் பசித்தால், அது தூங்கிப்போனால், ஒரு நாட்டின் அரசியல் சட்டமே தூங்கிப்போகும். கடவுள் சாகலாம் என்ற ஒரே மாற்றத்திலிருந்து எத்தனை பிறக்கின்றன பாருங்கள்.

கடவுள் இல்லாமல் போவதும் இந்தக் கதைவகைக்குப் பிடித்த விஷயம். வேலூர்க்காரர்களுக்கு அது புரியும். கோட்டைக் கோயிலில் பல தலைமுறைக்குக் கருவறை வெறுமையாகக் கிடந்தது. 1981 மார்ச் 16 அன்று சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து மறுபடி வைத்தார்கள். நேற்றுவரை பழைய சின்னமாக இருந்த கட்டடம் அன்றையிலிருந்து கோயில். கல் ஒன்றுகூட மாறவில்லை, மணியும் விளக்கும் கூட்டமும் வந்துவிட்டன. நூறு வருஷமாகக் காணாமல்போன டிராகன் திரும்பி வருகிறது என்று ஒரு நாவல் தொடங்கினால், டிராகனின் சிறகை விவரிப்பதற்கு முன்னால் நான் அந்த நாட்டு ஜனங்களின் முகத்தைத்தான் தேடுவேன்.

மந்திரத்துக்கு விலை ஏன்?

நினைத்ததை எல்லாம் நடத்திக்கொடுக்கிற மந்திரம் இருந்தால் கதை அன்றைக்கே முடிந்துவிடும். அரியணை வேண்டுமா, ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆகவே மந்திரத்துக்கு ஒரு வரம்பு வேண்டும். சில எழுத்தாளர்கள் விதிகளை வெளிப்படையாக வைப்பார்கள்: இன்ன பொருள், இவ்வளவு அளவு, இன்ன விளைவு. சிலர் எதையும் சொல்லாமல் மூடி வைத்து மர்மமாகவே விடுவார்கள். இரண்டுமே சரிதான். ஆனால் கதையின் பெரிய முடிச்சை மந்திரம்தான் அவிழ்க்கப்போகிறது என்றால் அதன் விதி முன்கூட்டியே வாசகருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கடைசி அத்தியாயத்தில் திடீரென்று ஒரு புது சக்தி முளைத்தால் ஏமாந்த மாதிரிதான் இருக்கும்.

வரம்பைவிட விலை இன்னும் ஆழமானது. குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குப் போனவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ரேணுகையின் கதை அது. தந்தை ஜமதக்னி சொன்னார் என்று பரசுராமன் தாயின் தலையை வெட்டுகிறான். தந்தை மனம் குளிர்ந்து வரம் தருகிறார். தாயை உயிரோடு கேட்கிறான். வரம் பலிக்கிறது. ஆனால் அவசரத்தில் தாயின் தலையை வேறொரு பெண்ணின் உடலில் வைத்துவிடுகிறான். தாய் திரும்பி வந்தாள், அவன் கேட்டது அப்படியே கிடைத்தது, ஆனாலும் போனவள் போன மாதிரியே வரவில்லை. திருவிழாவில் அம்மனின் பெரிய சிரசு மாலையும் எலுமிச்சையுமாகத் தெருத்தெருவாக வரும். வழியெல்லாம் தேங்காய் உடைபடும். கோயிலில் அந்தச் சிரசு உடலோடு பொருத்தப்படும். லட்சக்கணக்கானவர்கள் கூடி நின்று பார்ப்பது அந்தக் கணத்தைத்தான். அந்த இன்னொரு பெண்? அவள் யார், அவளுக்கு என்ன ஆனது, அவளை யார் கேட்டார்கள்? ஆபத்தான மந்திரம் என்பதற்கு என்னால் இதைவிட நல்ல விளக்கம் தர முடியாது. மந்திரம் கைகொடுக்கும். ஆனால் விலையை ஒருவேளை கேட்டவர் கொடுக்க மாட்டார், பக்கத்தில் நின்றவர் கொடுப்பார்.

மூன்றையும் ஒன்றாக முடிச்சுப் போட்டால்

இதுவரை தனித்தனியாகப் பேசியதைச் சேர்த்துப் பார்க்க ஒரு சின்னக் கதையைக் கட்டுவோம். சுனைநாடு என்று ஒரு வறண்ட நாடு. பாலாறு மாதிரி மணலாகக் கிடக்கும் ஓர் ஆறு. மலை உச்சிச் சுனையில் ஒரு டிராகன் கிடக்கிறது. அதுதான் குலதெய்வம், அது எழுந்தால் மழை. புதிதாகப் பட்டத்துக்கு வருகிறவர் சுனைக்கரையில் நின்று, தன் தாய் தனக்குப் பாடிய தாலாட்டைப் பாட வேண்டும். அந்தப் பாட்டை வைத்துத்தான் டிராகன் வம்சத்தை அடையாளம் கண்டுகொள்ளும். இல்லாவிட்டால் எழாது.

அரசி இறந்துவிடுகிறாள். மகள் மாதேவி மூத்தவள். தம்பி காரி இளையவன், ஆனால் தாய் பட்டத்துக்கு வந்த பிறகு பிறந்தவன். 'அரசிக்குப் பிறந்தவன் அவன் ஒருவனே. அக்கா பிறந்தபோது தாய் வெறும் இளவரசி' என்று ஒரு கூட்டம் வாதாடுகிறது. பார்த்தீர்களா, இரண்டு விதி, இரண்டும் சரி.

படை காரி பக்கம் போய்விடுகிறது. மாதேவி காற்றை ஏவும் மந்திரத்தைக் கற்கிறாள். ஒவ்வொரு முறை ஏவும்போதும் அவளுடைய நினைவில் ஒன்று அழிந்துபோகும். எது போகும் என்று அவளால் தேர்ந்தெடுக்க முடியாது. முதல் சண்டையில் சின்ன வயதில் தின்ற ஏதோ ஒரு பழத்தின் ருசி போகிறது. பரவாயில்லை என்கிறாள். அடுத்ததில் கூட விளையாடிய தோழியின் பெயர். ஒருநாள் அந்தத் தோழியே பாசறைக்கு வந்து நிற்கிறாள், மாதேவி அவளை யாரோ என்று பார்க்கிறாள். கடைசிப் போரில் பெருங்காற்றை ஏவி ஜெயித்துவிடுகிறாள். தம்பியைச் சிறையில் அடைக்கிறாள். மலையேறிச் சுனைக்கரையில் நின்று வாயைத் திறக்கிறாள். தாலாட்டு வரவில்லை.

நாடே கீழே நின்று வானத்தைப் பார்க்கிறது. அந்தப் பாட்டு தெரிந்தவன் இன்னும் ஒருவன் இருக்கிறான். அதே தாய் மடியில் அதே பாட்டைக் கேட்டுத் தூங்கியவன், அவள் பூட்டி வைத்திருக்கும் தம்பி.

இதில் எதை எடுத்தாலும் கதை சரிந்துவிடும். மந்திரத்துக்கு விலை இல்லாவிட்டால் மாதேவி ஜெயித்ததோடு முற்றும். டிராகன் வெறும் மிருகமாக இருந்தால் பாட்டே தேவையில்லை. தம்பிக்கு நியாயமே இல்லாமல் இருந்தால் அவனிடம் போய் நிற்பதில் கனமில்லை. தம்பி பாட்டைச் சொல்லிக்கொடுக்க என்ன கேட்பான்? அவள் அவனையே மலைக்கு அனுப்புவாளா? தோழி எங்கே போனாள்? இனிமேல் எழுதுகிறவர் பாடு.

எங்கிருந்து தொடங்கலாம்?

முதல் புத்தகமே பத்துப் பாகத் தொடராக இருக்க வேண்டாம். ஒரே பாகத்தில் முடிகிற நாவலோ, ஒரு குறுநாவலோ எடுங்கள். வரைபடத்தை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, தேவைப்படும்போது புரட்டிக்கொள்ளலாம். பெயர்கள்தான் எல்லோரையும் விரட்டுகின்றன. அதற்கு ஒரு வழி, அட்டையின் உட்புறத்தில் பென்சிலால் குடும்ப மரத்தை நீங்களே வரைந்துகொண்டே போவது. யார் யாருக்கு அண்ணன், யார் யாருக்கு மாமன் என்று உறவுமுறையில் எழுதுங்கள். நமக்குப் பெயரைவிட உறவு சீக்கிரம் மனதில் ஏறும், உரிமைச் சண்டையும் அந்த உறவிலேயே தெரிந்துவிடும்.

நூறு பக்கம் தாண்டியும் பிடிபடாவிட்டால் மூடி வைத்துவிட்டு வேறொன்றை எடுங்கள், அதில் குற்றமொன்றும் இல்லை. இந்த வகையில் நீட்டி முழக்கி எழுதப்பட்ட சுமாரான புத்தகங்களும் ஏராளம். போரை நாற்பது பக்கத்துக்கு வர்ணித்துவிட்டு, போருக்குப் பின் அந்த வயலை யார் உழுதார்கள் என்று ஒரு வரிகூடச் சொல்லாத புத்தகங்கள் உண்டு. அவற்றை வேகமாகத் தள்ளிக்கொண்டு போகலாம்.

எழுதவும் ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். டிராகனின் நிறத்தையும் நீளத்தையும் தீர்மானிப்பதற்கு முன்னால், அது எதைத் தின்கிறது, அதை யார் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள் என்று எழுதிப் பாருங்கள். பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களில் எந்த ஊரில் பாரதம் வைத்திருக்கிறார்கள் என்று விசாரித்து, ஒரு ராத்திரியாவது முழுக்க உட்கார்ந்து பாருங்கள். நாலு மணிக்கு மேல் துரியோதனன் பேசுகிற தர்க்கத்தைக் குறித்துக்கொள்ள ஒரு நோட்டு கொண்டுபோவது நல்லது.